மதுரைக்கு வந்த துணைப்படை

(அவனியாபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு நாடு தன் பாதுகாப்பின் பொருட்டுத் தொலைவிலுள்ள தேசங்களோடும், அத்தேசங்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட கூட்டமைப்புகளோடும் எவ்வாறு உறவு பூணுகிறது, அவ்வுறவு எப்பொழுது பயனளிக்கிறது, எப்பொழுது துன்பமாய் முடிகிறது என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசும்படி இவ்வூர் இளைஞர்கள் கேட்டுக்கொண்டார்கள். தில்லியில் இருக்கும் ராஜதந்திரிகள் பேசவேண்டிய விஷயமாயிற்றே இது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இவ்விஷயத்தின் மிகக் கசப்பான பாடங்களுள் ஒன்று, இங்கிருந்து காலார நடந்தே சென்று சேரக்கூடிய மதுரைக் கோட்டை வாயிலில், ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்கு முன்னர் நம் முன்னோருக்குக் கற்பிக்கப்பட்டது. ஆதலின் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 1169ஆம் ஆண்டையொட்டி, பாண்டிய சிம்மாசனத்துக்குப் பராக்கிரம பாண்டியன், குலசேகர பாண்டியன் என்னும் இருவர் உரிமை கொண்டாடினர். பராக்கிரமன் மதுரையில் இருந்தான்; குலசேகரன் பெரும்படையோடு வந்து நகரை முற்றுகையிட்டான்.  ஆகவே பராக்கிரம பாண்டியன் கடலுக்கு அப்பால், பொலன்னறுவையில் வீற்றிருந்த முதலாம் பராக்கிரமபாகுவுக்குத் தூதனுப்பிச் சகாயம் வேண்டினான். ஈழ மன்னன் இசைந்தான். லங்காபுரன் என்னும் தண்டநாயகனின் தலைமையில் சைன்யம் திரட்டப்பட்டது. ஆனால் அச்சைன்யம் கப்பலேறுவதற்கு முன்னரே மதுரை வீழ்ந்தது. பராக்கிரம பாண்டியன் தன் மனைவி மக்களோடு கொல்லப்பட்டான். வீரபாண்டியன் என்னும் இளைய குமாரன் ஒருவன் மட்டுமே உயிர் தப்பி மலைநாட்டுப் பக்கம் ஒளிந்து திரிந்தான்.

ராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையே கிடப்பது எவ்வளவு குறுகிய கடல் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. இன்று நம்மூர் விமான நிலையத்திலிருந்து கொழும்புக்குப் புறப்படுகிறவர் ஒரு மணி நேர அளவில் அங்கே இறங்கிவிடுகிறார். அவ்வளவு அருகிலிருந்த துணை ஏன் காலம் தாழ்ந்தது? தூது சென்ற பிறகுதான் யோசனை தொடங்கியது; அதன் பிறகே படை திரட்டுவதும் தலைவனைத் தேர்ந்தெடுப்பதும் நடந்தன. ஆபத்து வந்த நாளில் முதன்முறையாகப் பேசத் தொடங்குகிற இரு நாடுகளுக்கு இடையிலுள்ள தொலைவைக் காத வழியைக் கொண்டு கணக்கிட்டுப் பயனில்லை.

அடுத்து நிகழ்ந்ததுதான் இன்னும் ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. அழைத்தவன் மாண்டுவிட்டான் என்ற செய்தி கிடைத்தும் அப்படை திரும்பவில்லை. அரசை வென்று அவன் மரபினரிடம் ஒப்படைக்கும்படி ஈழவேந்தன் ஆணையிட்டதாக ஈழத்துப் பழைய வரலாற்று நூலாகிய சூளவம்சம் கூறுகிறது. லங்காபுரன் ராமேசுவரத்தைக் கைப்பற்றி, அத்தீவிலேயே குந்துகால் பக்கத்தில் தன் அரசன் பெயரால் பராக்கிரமபுரம் என்னும் கோட்டையை எழுப்பினான். பின்னர் உள்நாட்டில் புகுந்து, ஊர் ஊராகப் போரிட்டு முன்னேறி, வீரபாண்டியனை வரவழைத்து மதுரையில் அரியணை ஏற்றினான். இவ்வளவோடு நின்றிருந்தால் அதைத் தர்மயுத்தம் என்றே சரித்திரம் கொண்டாடியிருக்கும். ஆனால் அதே சூளவம்சம், பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த காசுகள் பாண்டி நாட்டில் வழங்கச் செய்யப்பட்டன என்றும், சிறைப்பிடித்த தமிழர்கள் ஈழத்துக்கு அனுப்பப்பட்டு அநுராதபுரத்து ரத்தினமாலைத் தூபியைப் புதுப்பிக்கும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும், வெற்றியின் ஞாபகார்த்தமாகப் பாண்டுவிஜயம் என்னும் கிராமம் அந்தணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்டது என்றும் பெருமையுடன் எழுதிவைத்திருக்கிறது. துணைக்கு வந்தவன் தன் காசை இந்நாட்டுச் சந்தையில் புழங்கவிட்ட நாளிலேயே துணை என்ற பெயர் அவனுக்குப் பொருந்தாமற்போயிற்று என்பதே என் அபிப்பிராயம்.

இதனிடையில் குலசேகரன் சும்மா இருப்பானா? அவன் சோழன் இரண்டாம் இராஜாதிராஜனிடம் சென்று முறையிட்டான். உள்நாட்டுச் சண்டை இவ்விதம் இரு பேரரசுகளின் சண்டையாக வளர்ந்தது. அவ்வளர்ச்சி எத்தகைய பீதியைத் தமிழகம் முழுவதும் பரப்பியது என்பதற்குக் காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துச் சாசனம் சாட்சி சொல்கிறது. போர் நடந்த இடமோ தொண்டி, பாசி முதலிய தென்கடற்கரைப் பகுதிகள். ஆர்ப்பாக்கமோ அங்கிருந்து பல நாள் வழித்தூரத்தில் இருக்கும் தொண்டை மண்டலத்து ஊர். ஆயினும் அங்கே ஆட்சி புரிந்த எதிரிலிசோழ சம்புவராயன், ஈழப்படை தன் நாட்டிலும் புகுந்துவிட்டால் கோயில்களுக்கும் அந்தணர்க்கும் குடிகளுக்கும் என்ன கேடு விளையுமோ என்று நடுங்கி, உமாபதிதேவர் என்னும் ஞானசிவதேவரை அணுகி, அப்படை தோற்றோடும்படி வழிபாடு இயற்ற வேண்டினான். அவர் 28 நாள் இடைவிடாமல் பூஜை செய்தார். எதிரிப்படை தோற்றது என்ற செய்தி வந்ததும் சம்புவராயன் அகமகிழ்ந்து ஆர்ப்பாக்கம் என்னும் அவ்வூரையே அவருக்குக் காணிக்கையாக்கினான். அந்த 28 நாட்களில் ஊர்க் குடிகள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள், தானியத்தை எங்கே புதைத்திருப்பார்கள், பெண் மக்களை எந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்பதையெல்லாம் எண்ணிப் பாருங்கள். இருவர் கூடிச் செய்துகொள்ளும் ராணுவ ஏற்பாடு, அதில் சம்பந்தமே இல்லாத மூன்றாமவனுக்கு எத்தகைய அச்சத்தை விளைவிக்கிறது என்பதை இச்சாசனத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் ஆவணத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

சோழப்படை வென்றது. லங்காபுரன், ஜகத்விஜயன் என்னும் தண்டநாயகர் இருவரின் தலைகளும் மதுரைக் கோட்டை வாயிலில் ஆணியடித்துப் பதிக்கப்பட்டன என்று பல்லவராயன்பேட்டைச் சாசனம் கூறுகிறது. சூளவம்சமோ லங்காபுரனின் வெற்றிகளை வரிசையாகக் கூறி, தோல்வியைப் பற்றி வாய் திறவாமல் முடித்துவிடுகிறது.

குலசேகரன் மீண்டும் அரியணை ஏறினான். ஏறிய சில ஆண்டுகளில், தன்னை ஏற்றிவைத்த சோழனை விட்டு, தான் எந்த ஈழ மன்னனை எதிர்த்துப் போரிட்டானோ அவனோடேயே ரகசியமாக உறவு பூண்டான். அவ்வஞ்சகத்தை அறிந்த சோழன் சினங்கொண்டு அவனை நீக்கி, எந்த வீரபாண்டியனை ஈழப்படை கொண்டுவந்து முடிசூட்டியதோ அவனையே தன் பக்கத்து மன்னனாக ஏற்று மதுரையில் அமர்த்தினான். நான்கைந்து ஆண்டுகளுக்குள் இரு பேரரசுகளும் தாம் ஆதரித்த பாண்டியரை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டன! ஈழத்தில் ஊராத்துறை, மாதோட்டம், வல்லிகாமம் முதலிய இடங்களில் பராக்கிரமபாகு மீண்டும் படையும் கப்பலும் சேர்ப்பதாகக் கேள்வியுற்ற அண்ணன் பல்லவராயன் என்னும் சோழ அதிகாரி, அந்த ஈழவேந்தனின் மருமகனும் அவனுக்கு விரோதியுமான சீவல்லவனைத் தூண்டி அங்கே அனுப்பி அவ்வூர்களை அழிக்கச் செய்தான் என்று திருவாலங்காட்டுச் சாசனம் விவரிக்கிறது. அழிந்தவை மதுரைச் சீமையின் ஊர்களும் மாதோட்டத்து ஊர்களுமே. கப்பலை அனுப்பியவனுக்கோ, ஆளை அனுப்பியவனுக்கோ ஒரு குறையும் நேரவில்லை.

இதற்கு இரண்டரை நூற்றாண்டுகள் முன்னரும் மதுரை இதே வழியில் ஒருமுறை சென்று பார்த்திருக்கிறது. முதற் பராந்தக சோழன் பாண்டி நாட்டின்மேல் படையெடுத்தபோது, பாண்டியன் இராஜசிம்மன் ஈழத்து ஐந்தாம் காசியபனின் உதவியைப் பெற்றான். வெள்ளூர்ப் போரில் இருவர் படையும் தோற்றன. ஈழச் சேனாதிபதி சக்கன் கொள்ளைநோயில் இறக்க, எஞ்சிய படை திரும்ப அழைக்கப்பட்டது. பின்னர் இராஜசிம்மன் தானே ஈழத்துக்கு ஓடி அடைக்கலம் புகுந்தான். அங்கே நான்காம் தப்புலன் உதவ எண்ணியும், தீவின் பிரபுக்கள் தமக்குள் கலகம் விளைத்தமையால் ஒன்றும் கைகூடவில்லை. மனம் நொந்த பாண்டியன் தன் முடியையும் ஆபரணங்களையும் அங்கேயே விட்டுவிட்டு, தாயின் பிறந்தகமாகிய சேர நாட்டுக்குப் போய்விட்டான். அம்முடி ஒரு நூற்றாண்டுக்குச் சற்றே குறைந்த காலம் கடல் கடந்த ஊரில் கிடந்தது. பராந்தகன் கேட்டும் கிடைக்கவில்லை. இறுதியில் 1017ஆம் ஆண்டளவில் இராஜேந்திர சோழன் படையெடுத்துச் சென்று எடுத்து வந்தான். நட்பு நாட்டு மன்னன் உத்தமனாகவே இருந்தாலும், அவன் நாட்டுப் பிரபுக்களின் மனப்போக்கையும் சேர்த்தே எடை போடவேண்டும் என்பதை அன்றைய பாண்டியன் மிகுந்த விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டான்.

இத்தகைய நிகழ்ச்சி மன்னர் காலத்தோடு தீர்ந்துவிடவில்லை என்பதை, வேதனையோடுதான் சொல்லவேண்டியிருக்கிறது. 1987 ஜூலை 29ஆம் நாள் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையொப்பமிட்ட உடன்படிக்கையின்படி இந்திய அமைதி காக்கும் படை ஈழத்தில் இறங்கியது. இம்முறை சைன்யம் சென்ற திசை மட்டுமே வேறு. அமைதி காக்கச் சென்ற படை சில மாதங்களுக்குள்ளேயே, எந்த மக்களைக் காக்கச் சென்றதோ அவர்களுடைய மண்ணிலேயே யுத்தத்தில் மாட்டிக்கொண்டது; யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பங்கள் பட்ட துயரம் இன்றும் ஆறாத புண்ணாய் இருக்கிறது; நம் வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அழைத்த ஜனாதிபதியின் இடத்துக்குப் பிரேமதாசா வந்ததும், வெளியேறுங்கள் என்ற சொல் பிறந்தது. 1990 மார்ச்சில் கடைசி அணி கப்பலேறியது. என்ன செய்வதற்காகப் போகிறோம், எப்பொழுது திரும்புவோம், அங்குள்ள சாமானிய ஜனங்கள் நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்ற கேள்விகளுக்கு விடை காணாமல் போகும் எந்தப் படைக்கும், அது நல்லெண்ணத்தோடு போனாலும், இதுவே கதி.

சரி, அப்படியானால் எவரோடும் சேராமல் தனித்திருந்துவிடலாமா என்றால், மூன்று பக்கம் கடல் சூழ்ந்த தேசத்துக்கு அது இயலாத காரியம். சேர்வதில் எத்தனையோ வகை உண்டு. 1954இல் மணிலாவில் அமெரிக்காவின் முயற்சியால் தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பு ஒன்று உருவாயிற்று. பெயர்தான் தென்கிழக்காசியா, அங்கத்தினருள் அப்பிராந்தியத்தைச் சேர்ந்தவை தாய்லாந்தும் பிலிப்பைன்சும் மட்டுமே. மற்றவர் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான். ஒவ்வொருவருக்கும் மனத்தில் ஒவ்வொரு பகைவன். அமெரிக்கா கம்யூனிஸ்டுகளை எண்ணிக் கையொப்பமிட்டது. பாகிஸ்தான் நம்மை எண்ணிக் கையொப்பமிட்டது. 1965இலும் 1971இலும் நம்மோடு நடந்த போர்களில் பாகிஸ்தான் எதிர்பார்த்த சகாயம் வரவில்லை. 1973இல் அது விலகிற்று. 1977இல் அமைப்பே கலைக்கப்பட்டது. நேருவின் அரசாங்கம் இதில் சேர மறுத்தது தீர்க்கதரிசனம் என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு மாறாக, 1967 ஆகஸ்ட் 8ஆம் நாள் பாங்காக்கில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்னும் ஐந்து அயலார் தாமே கூடி ஆசியான் என்னும் சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டனர். அது ராணுவக் கூட்டணி அன்று. ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் நிறைவேறாது. தலைமைப் பதவி ஆண்டுதோறும் அகர வரிசையில் ஒவ்வொரு நாட்டுக்கும் சுழன்று வரும். பொதுக் கிணற்றில் பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல, சிறியவன் முறை வரும்போது பெரியவனும் வரப்பில் காத்திருந்தே தீரவேண்டும். இத்தகைய சங்கம் அவசரத்துக்கு ஓடிவராது என்பது மெய்யே. ஆனால் ஓடிவந்து கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவும் செய்யாது அல்லவா?

நாம் அச்சங்கத்தோடு நட்புக்கொண்ட வரலாறு ஏற்ற இறக்கம் நிறைந்தது. 1980இல் கம்போடியாவின் ஹெங் சாம்ரின் அரசாங்கத்தை இந்தியா அங்கீகரித்தபோது அவர்கள் மனம் கசந்தனர். அதே பத்தாண்டில் நம் கடற்படை விரிவடைவதைக் கண்டு மலேசியரும் இந்தோனேசியரும் சந்தேகத்தோடு நோக்கினர். அதில் வியப்பில்லை. நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையிலிருந்து சுமத்ரா ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். தில்லிக்குத் தூர தேசமாய்த் தோன்றும் இந்தோனேசியா நிக்கோபார்க்காரருக்கு அடுத்த வீடு. தவிரவும், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைத் தானமளித்துக் கடார மன்னரோடு இராஜராஜன் கொண்டாடிய நட்பு இருபது ஆண்டு கூடத் தாங்காமல், 1025இல் இராஜேந்திரனின் கப்பற்படை அம்மன்னரின் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கிய சரித்திரத்தை அவர்களும் படித்திருக்கிறார்கள்.

அச்சந்தேகத்தைப் போக்கிய விதம் பாராட்டுக்குரியது. 1994இல் சிங்கப்பூர்க் கடற்படையோடு கூட்டுப் பயிற்சி தொடங்கிற்று. 1995இல் போர்ட் பிளேரில் மிலன் என்னும் சந்திப்புக்கு இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, இலங்கை ஆகிய நான்கு நாடுகளின் கடற்படைகள் அழைக்கப்பட்டன. எந்தத் தீவுகளைக் கண்டு அயலார் ஐயுற்றனரோ அத்தீவுகளுக்கே அவர்களை வரவழைத்து, வந்து பாருங்கள் என்று காட்டிய செயல் அது. 1996இல் ஆசியானின் பிராந்தியப் பாதுகாப்பு மன்றத்தில் இடம் பெற்றோம். 2003இல் பாலித் தீவில் அவர்களுடைய நட்புறவு உடன்படிக்கையில் ஒப்பமிட்டோம். 2010இல் ஹானோயில் பாதுகாப்பு அமைச்சர்களின் விரிந்த அவை கூடியபோது அதிலும் அமர்ந்தோம். ஆசியான் நாடுகள் அனைத்தோடும் சேர்ந்த முதற் கடற்பயிற்சி 2023 மே மாதத்தில்தான் நடந்தது. ஏறத்தாழ முப்பதாண்டு! இவ்வளவு தாமதமா என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. லங்காபுரனின் படை ஒரு பருவத்தில் திரண்டு வந்தது என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

பழகிய பழக்கத்தின் பயனுக்கு ஒரு நிகழ்ச்சி சொல்லுகிறேன். 1999 அக்டோபரில் அலோண்ட்ரா ரெயின்போ என்னும் ஜப்பானியர் கப்பல், ஏழாயிரம் டன் அலுமினியக் கட்டிகளோடு இந்தோனேசியத் துறைமுகத்திலிருந்து ஜப்பானுக்குப் புறப்பட்டது. கொள்ளையர் அதைப் பிடித்து, மாலுமிகளை ஒரு மிதவையில் ஏற்றிக் கடலில் விட்டனர். பல நாள் தவித்த அவர்களைத் தாய்லாந்து மீனவர்கள் மீட்டனர். கோலாலம்பூரிலுள்ள கடற்கொள்ளைத் தகவல் நிலையம் எல்லா நாடுகளுக்கும் செய்தி பரப்பிற்று. பெயரை மெகா ராமா என்று மாற்றி எழுதிக்கொண்டு மேற்கே ஓடிய அக்கப்பலை, நம் கடலோரக் காவல் படையின் தாராபாயும் கடற்படையின் பிரஹாரும் நவம்பர் நடுவில் அரபிக்கடலில் மடக்கிப் பிடித்தன. ஜப்பானியருடைய பொருளை, தாய்லாந்து மீனவனின் இரக்கமும் மலேசியாவிலிருந்து வந்த செய்தியும் இந்தியக் கப்பலின் துணிவும் ஒன்றுகூடி மீட்டன. ஆசியாவில் கடற்கொள்ளையைத் தடுக்கும் ஒப்பந்தம் 2006இல் நடைமுறைக்கு வந்தபோது அதன் தகவல் நிலையம் சிங்கப்பூரில் அமைந்தது, இந்தியாவும் அங்கத்தினர். 2018இல் குருகிராமத்தில் இந்துமாக்கடலுக்கான தகவல் நிலையத்தை நாமே நிறுவினோம். நட்பு நாடுகளின் அதிகாரிகள் அங்கே நம்மவரோடு ஒரே கூடத்தில் அமர்ந்து கப்பல்களின் போக்கைக் கவனிக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26ஆம் நாளை நாகப்பட்டினமும் கடலூரும் கன்னியாகுமரியும் மறக்குமா? நம் கரையிலேயே பிணங்களை எடுத்து முடியாத அந்நாட்களில், நம் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் மருந்தும் குடிநீரும் ஏற்றிச் சென்றன. பீரங்கியைக் கொண்டு சம்பாதிக்க முடியாத நம்பிக்கையை அப்பயணங்கள் சம்பாதித்தன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2020இல் நியூ டயமண்ட் என்னும் எண்ணெய்க் கப்பல் ஈழத்துக் கிழக்குக் கடலில் தீப்பற்றியபோதும், மறு ஆண்டில் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் எரிந்தபோதும், இலங்கை அழைத்த மாத்திரத்தில் நம் கடலோரக் காவல் கப்பல்கள் சென்று தீயணைத்துவிட்டுத் திரும்பின. திரும்பின என்ற சொல்லை நான் அழுத்தியே சொல்கிறேன்.

இவற்றின் தொடர்ச்சியாகவே, 2011இல் இந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றின் பாதுகாப்பு ஆலோசகர்கள் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் உறங்கி, 2020இல் மீண்டும் உயிர்பெற்ற கொழும்புப் பாதுகாப்பு மாநாடு விளங்குகிறது. மொரீஷியசும் பின்னர் வங்கதேசமும் சேர்ந்தன, 2024 ஆகஸ்டில் அதற்கொரு சாசனம் கையொப்பமாயிற்று, செயலகம் கொழும்பில். கடற்பாதுகாப்பு, பயங்கரவாதத் தடுப்பு, கடத்தல் ஒழிப்பு, கணினி வலைப் பாதுகாப்பு, பேரிடர் உதவி என்று வேலைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன.

இப்பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது. மதுரைச் சீமையில் நின்று பேசுகிறவன் அதைச் சொல்லாமல் இறங்கக் கூடாது. ராமேசுவரத்து விசைப்படகு மீனவரும் யாழ்ப்பாணத்து, மன்னார் நாட்டுப்படகு மீனவரும் ஒரே மொழி பேசுகிற, ஒரே கடலை நம்பிய இரு ஏழைச் சமூகங்கள். விசைப்படகுகளின் இழுவைமடியால் தங்கள் கடலடி பாழாகிறது என்று அக்கரையார் அழுகிறார்கள். அடிபட்டும் சிறைப்பட்டும் படகை இழந்தும் இக்கரையார் அழுகிறார்கள். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது. இங்கேயும் அதே ஆண்டில், பாக் நீரிணையின் இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன் படகுகளாக மாற்றும் திட்டம் தொடங்கிற்று. அதன் நடை மெதுவாகவே இருக்கிறது. மீன்வளம் பற்றி ஆராய இரு அரசாங்கங்களும் 2016இல் ஒரு கூட்டுக் குழுவை அமைத்தன. அது எப்பொழுதோ ஒருமுறை தலைநகரங்களில் கூடுகிறது. ஆசியானோடு முப்பதாண்டு பொறுமையாகப் பழகத் தெரிந்த நம் அரசாங்கத்துக்கு, மண்டபத்தில் ஒரு மாதமும் மன்னாரில் மறு மாதமுமாக, இரு கரை மீனவர் சங்கத்தாரையும் இரு கரைக் காவல் அதிகாரிகளையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பேசச் செய்வதற்கு என்ன தடை? மொழிபெயர்ப்பாளர் கூட அங்கே வேண்டியதில்லை. அடுத்த முறை கொழும்புப் பாதுகாப்பு மாநாடு கூடும்போது இதை முதல் விஷயமாக எடுத்துக்கொள்ளுமாறு, நம் பிரதிநிதிகளாகச் சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் இருப்பவர்களுக்கு இவ்வூரிலிருந்து ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பத்தின் நகல் இங்கே மேசைமேல் இருக்கிறது; கையொப்பமிட விரும்புவோர் படித்துப் பார்த்து இடலாம்.